சரக்கு நல்லது, லேபிள்தான் தப்பு: நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் விற்கப்படும் ‘ஃபாரின் கிரிமினல் ஜஸ்டிஸ்’ படிப்பு

நாகர்கோவிலில் செட்டிகுளம், வடசேரி பக்கம்; மேற்கே தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல். மாடிப்படி ஏறினால் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஏஜென்சி இல்லாமல் இருக்காது. நர்சிங்கும் எம்.பி.பி.எஸ்ஸும்தான் அவர்களுக்குப் பிரதான வியாபாரம். ஆர்ட்ஸ், காமர்ஸ் குரூப் பிள்ளைகளுக்கென்று மேசையில் இருக்கும் அயிட்டங்களில் ஒன்று பி.ஏ. கிரிமினாலஜி (குற்றவியல்) அல்லது கிரிமினல் ஜஸ்டிஸ். “முடிச்சா போலீஸ், சி.ஐ.டி., ஃபாரன்சிக், எல்லாத்துக்கும் போகலாம் சார்” என்பது கவுன்சிலர் வாயில் தயாராக இருக்கும் வாசகம். இந்த மதிப்பீடு ஏதோ ஒரு அலுவலகத்தைக் குறிவைத்தது அல்ல. படிப்பு, விண்ணப்பம், விசா, பிறகு வேலை என்று மொத்தமாகக் கட்டி விற்கப்படும் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் படிப்புக்கு நான்கு, விற்கிற விதத்துக்கு ஒன்றரை.

முதலில் அந்த வாசகத்தையே எடுத்துக்கொள்வோம். போலீஸ்? இங்கிலாந்தில் கான்ஸ்டபிள் வேலைக்கு இந்தியர் விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் அந்த நாட்டில் காலவரம்பின்றித் தங்கும் அனுமதி கையில் இருக்க வேண்டும். மாணவர் விசாவும், அதன்பின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவும் அந்த அனுமதியை நேரே வாங்கித் தருபவை அல்ல. கனடாவின் தேசியப் போலீஸான ஆர்.சி.எம்.பி.க்குக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வேண்டும். ஆஸ்திரேலியாவின் மத்திய போலீஸுக்குக் குடியுரிமையே வேண்டும். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ.யும் நியூயார்க் நகரப் போலீஸும் குடிமக்களை மட்டுமே எடுக்கும். ஆக, பட்டம் கையில் வந்த மறுநாள் தொப்பி மாட்டலாம் என்பது நடக்காத காரியம். ஃபாரன்சிக், அதாவது தடய அறிவியல்? அது வேறு படிப்பு. கெமிஸ்ட்ரி, பயாலஜி படித்தவர்களுக்கானது. காமர்ஸ் குரூப் பிள்ளை கிரிமினாலஜி முடித்துவிட்டு லேப் கோட் போட முடியாது. வக்கீல்? அதுவும் இல்லை. இது சட்டப் பட்டம் அல்ல.

அப்படியானால் இது என்னதான் படிப்பு? சமூகவியல் குடும்பத்தைச் சேர்ந்தது. குற்றம் ஏன் நடக்கிறது, எதைக் குற்றம் என்று யார் தீர்மானிக்கிறார்கள், பதிவாகாத குற்றங்களை எப்படிக் கணக்கிடுவது, சிறைத் தண்டனை வேலை செய்கிறதா, பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றத்தில் என்ன இடம் இருக்கிறது என்பவை பாடங்கள். ஒரு கோட்பாட்டை எடுத்துப் பார்த்தால் ருசி தெரியும். 1979-ல் கோஹன், ஃபெல்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் சொன்னது: குற்றம் நடக்க மூன்று சேர வேண்டும். செய்யத் துணிந்த ஆள், தோதான பொருள், தடுக்க ஆள் இல்லாத இடம். இதைக் களியக்காவிளையில், கேரள எல்லையில் வைத்துப் பாருங்கள். ரேஷன் கடையில் அரிசி இலவசம், எல்லை தாண்டினால் அதற்கு விலை உண்டு, மெயின் ரோட்டில் செக்போஸ்ட் இருந்தாலும் சுற்றிலும் குறுக்கு ரோடுகள். ரேஷன் அரிசிக் கடத்தல் ஏன் ஓயவில்லை என்பதற்கு ‘ஆட்கள் கெட்டுப்போனார்கள்’ என்பதைவிட நல்ல விளக்கம் கிடைத்துவிடுகிறது. செக்போஸ்டை இன்னும் பலப்படுத்தினால் கடத்தல் நிற்குமா, ரோடு மாறுமா என்ற அடுத்த கேள்வியும் பின்னாலேயே வரும். இப்படி யோசிக்கப் பிடித்த பிள்ளைக்கு இது அருமையான படிப்பு. சினிமா போலீஸைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைக்கு முதல் செமஸ்டரிலேயே கசந்துவிடும்.

இன்னொன்று, சட்டம் அந்தந்த நாட்டுச் சட்டமாகத்தான் இருக்கும். இங்கிலாந்தில் கைது, காவல் பற்றிப் படிக்கும்போது 1984-ம் ஆண்டின் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம்தான் அடிப்படை. குற்றம் சாட்டாமல் 24 மணி நேரம் வைத்திருக்கலாம், கடும் குற்றங்களில் சூப்பரின்டென்டென்ட் அனுமதித்தால் 36, மாஜிஸ்திரேட் அனுமதித்தால் அதிகபட்சம் 96 என்று அங்கே கணக்கு. நம் ஊரில் பயணநேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் தண்டனை, குற்ற நடைமுறை, சாட்சியம் ஆகியவற்றுக்கு முறையே பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. என மூன்று புதுச் சட்டங்கள். அவற்றில் ஒரு பிரிவுகூட அந்த வகுப்பறையில் வராது. திரும்பி வந்து எஸ்.ஐ. தேர்வோ சட்டப் படிப்போ எழுத நினைப்பவர்கள் இவற்றைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான்.

படிக்கும் முறையில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். பிரிட்டிஷ் பட்டம் என்பது ஆண்டுக்கு 120 கிரெடிட், மூன்று ஆண்டுக்கு 360. ஸ்காட்லாந்தில் நான்கு ஆண்டு. ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. 20 கிரெடிட் மாட்யூலுக்கு, அதாவது ஒரு பாடத்துக்கு, 200 மணி நேரம் என்று போட்டிருந்தால் அதில் வகுப்பு என்பது சிறு பகுதி, மீதி நூலகம். கையேட்டு நோட்ஸை மனப்பாடம் செய்து பக்கம் பக்கமாக எழுதுவதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. 2,000 சொல் கட்டுரையில் ஒரு வாதம் வேண்டும், எதிர்வாதத்துக்குப் பதில் வேண்டும், ஒவ்வொரு கூற்றுக்கும் மேற்கோள் வேண்டும். டர்னிட்டின் என்ற மென்பொருள் பிரதி எடுத்ததைக் காட்டிக் கொடுத்துவிடும். பத்தியை அப்படியே ஒட்டிவிட்டுக் கீழே ஆசிரியர் பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைத்து மாட்டிக்கொள்வது சகஜம். புள்ளியியலும் உண்டு. கணக்குக்குப் பயந்து ஆர்ட்ஸ் எடுத்தவர்கள் ஆராய்ச்சி முறைகள் என்ற மாட்யூலில் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளைத் திறக்காமல் தப்ப முடியாது. கடைசி ஆண்டில் பெரும்பாலும் ஒரு நீண்ட ஆய்வேடு இருக்கும்.

மதிப்பெண் விஷயத்தில் வீட்டாருக்கும் ஒரு எச்சரிக்கை. 40 எடுத்தால் பாஸ், 50-க்கு மேல் ‘டூ டூ’ (இரண்டாம் வகுப்பின் கீழ்ப்படி), 60-க்கு மேல் ‘டூ ஒன்’ (அதன் மேல்படி), 70-க்கு மேல் ஃபர்ஸ்ட் கிளாஸ். பிளஸ் டூவில் 92 சதவீதம் வாங்கிய பிள்ளை அங்கே 63 வாங்கினால் அது நல்ல மதிப்பெண். போனில் திட்ட வேண்டாம்.

இனி விண்ணப்பம். பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக ஐந்து இடங்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். 2026 சேர்க்கைக்குக் கட்டணம் முப்பது பவுண்டுக்குள்தான் இருந்தது. பர்சனல் ஸ்டேட்மென்ட் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரையாக இல்லை, மூன்று கேள்விகள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள். ஏஜென்சி கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய மாதிரியை எடுத்து, ‘சிறு வயது முதலே குற்றங்களைத் தடுக்கும் ஆர்வம்’ என்று தொடங்கும் பத்தியை ஒட்டித் தருவது இன்னும் நடக்கிறது. யூகாஸில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு உண்டு, ஒத்த வரிகள் இருந்தால் பல்கலைக்கழகத்துக்குச் செய்தி போய்விடும். மேலே சொன்ன களியக்காவிளை அரிசி உதாரணம் போல, பிள்ளை தன் ஊரில் கண்ட ஒன்றை எடுத்து யோசித்து எழுதட்டும். கடலோரக் காவல், எல்லை தாண்டும் கனிமலாரிகள் என்று குமரி மாவட்டத்தில் விஷயத்துக்கா பஞ்சம்?

பிளஸ் டூ மதிப்பெண் போதுமானதாக இருந்தும் ‘ஃபவுண்டேஷன் இயர்’ என்று ஒரு கூடுதல் ஆண்டில் தள்ளிவிடுவது இன்னொரு உத்தி. ஒரு வருட ஃபீஸ் கூடுதல், கமிஷனும் அதற்கேற்ப. மாநில வாரியப் பாடத்திட்டத்துக்கு நேரடி முதலாம் ஆண்டில் எத்தனை சதவீதம் கேட்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தின் ‘இந்தியா’ பக்கத்தில் நீங்களே பார்க்கலாம். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்விலும் இப்படி ஒரு சூட்சுமம். பட்டப் படிப்புக்கு நேரடியாகச் சேர்பவருக்கு ஆங்கிலத் திறனைப் பல்கலைக்கழகமே மதிப்பிடலாம் என்பதால் சாதாரண ஐ.இ.எல்.டி.எஸ். போதும். பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கும் இடங்களும் உண்டு. பிரிட்டிஷ் விசாத் துறை அங்கீகரித்த, விலை கூடிய யு.கே.வி.ஐ. வகைத் தேர்வு அவசியமாவது ஃபவுண்டேஷன் போன்ற பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட படிப்புகளுக்கு. எல்லோரையும் அதை எழுத வைப்பது வீண் செலவு.

ஏஜென்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சேர்க்கை முடிந்ததும் பல்கலைக்கழகம் முதலாண்டு ஃபீஸிலிருந்து ஒரு பங்கைக் கமிஷனாகத் தருகிறது. அதனால்தான் ‘சர்வீஸ் ஃப்ரீ’ என்று போர்டு வைக்க முடிகிறது. அது தவறில்லை. ஆனால் கமிஷன் தராத பல்கலைக்கழகத்தின் பெயர் அந்த மேசையில் எழாது. “நீங்கள் எந்தெந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறீர்கள், பட்டியலைக் காட்டுங்கள்” என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

பணம்தான் பெரிய அத்தியாயம். பிரிட்டனில் இந்தப் படிப்புக்கு வெளிநாட்டு மாணவர் ஃபீஸ் ஆண்டுக்கு 15,000 பவுண்டிலிருந்து 20,000-க்கு மேல் வரை போகும். விசாவுக்குக் காட்ட வேண்டியது: முதலாண்டு ஃபீஸில் கட்டாத மீதி, அதோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171. ஆக 13,761 அல்லது 10,539 பவுண்டு. பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் லண்டனுக்கு வெளியேகூட பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல். இந்தத் தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், 28-வது நாள் விண்ணப்பிக்கும் தேதியிலிருந்து 31 நாளுக்குள் வர வேண்டும். இடையில் ஒருநாள் இருப்பு குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. ரூபாயைப் பவுண்டாக மாற்றிப் பார்க்க அவர்கள் பயன்படுத்துவது ஓஆண்டா தளத்தின் விகிதம், உங்கள் வங்கியின் விகிதம் அல்ல. கச்சிதமாக அளந்து போட்டால் ரூபாய் சரிந்த வாரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பத்து சதவீதமாவது கூடுதலாக வையுங்கள்.

கணக்கு பிள்ளை பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம். பெற்றோர் என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். மாமா கணக்கு, வளைகுடாவில் இருக்கும் சித்தப்பா கணக்கு செல்லாது. அவர்கள் தரும் பணம் அப்பா அம்மா கணக்குக்கு வந்துவிட வேண்டும். சீட்டுப் பணம் எடுத்தாலும் நகையை அடகு வைத்தாலும் பணம் கணக்கில் விழுந்த பிறகுதான் பணம். எங்கிருந்து வந்தது என்பதற்குச் சீட்டு ரசீதையும் நகைக்கடன் சீட்டையும் எடுத்து வையுங்கள். ‘ஷோ மணி’ என்று வட்டிக்கு வாங்கி 28 நாள் நிறுத்தித் தரும் ஏற்பாட்டையும், போலி ஸ்டேட்மென்டையும் யாராவது சொன்னால் படியிறங்கி வந்துவிடுங்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் பிரிட்டனில் பத்தாண்டு வரை தடை விழலாம். ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டு.

பெரும்பாலான நோட்டீஸ்களில் சிறு எழுத்தில்கூட இல்லாத ஒன்று ஹெல்த் சர்சார்ஜ், அதாவது பிரிட்டனின் அரசு மருத்துவ சேவைக்காக விசாவோடு கட்டும் தொகை. மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, மொத்தக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். செப்டம்பரில் தொடங்கி மூன்றாம் ஆண்டு ஜூனில் முடியும் படிப்பு என்றால் முன்னும் பின்னும் கிடைக்கும் மாதங்களையும் சேர்த்து விசா மூன்றாண்டைத் தாண்டும். ஆறு மாதத்துக்குள் வரும் உபரிக்குப் பாதிக் கட்டணம். 776 மும்முறை, அதோடு 388. மொத்தம் 2,716 பவுண்டு. மூன்றேகால் லட்சம் ரூபாய், விமான டிக்கெட்டுக்கு முன்பே. அப்புறம் காசநோய்ப் பரிசோதனை. அங்கீகரித்த கிளினிக்கில் மட்டும் எடுக்க வேண்டும், சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். கைரேகை வைக்க நம் ஊர்க்காரர்களுக்குப் பொதுவாகச் சென்னையோ கொச்சியோ.

கல்விக் கடனுக்கு வித்யா லட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம், வெளிநாட்டுக்கு 15 சதவீதம் உங்கள் பங்கு. குமரியில் இங்கேதான் வண்டி நிற்கும். “நமக்கு ரெண்டு ஏக்கர் ரப்பர் இருக்கே” என்று போனால், விவசாய நிலத்தை சர்ஃபாசி என்ற வங்கிக் கடன் மீட்புச் சட்டத்தில் ஜப்தி செய்ய முடியாது என்பதால் வங்கி தயங்கும். வீடு, வீட்டுமனை, கடை என்றால் பேச்சு வேறு. பாகப்பிரிவினை ஆகாத தறவாட்டுச் சொத்தாக இருந்தால் எல்லாப் பங்குதாரரும் வர வேண்டியிருக்கும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, மதிப்பீடு என்று இதற்கே இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ஆஃபர் லெட்டர் வந்த பிறகு தொடங்கினால் செப்டம்பர் போய்விடும். கடனில் கட்டும் ஃபீஸுக்கு டி.சி.எஸ்., அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி, இல்லை. சொந்தப் பணத்தில் ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் அனுப்பினால் உண்டு, வருமானவரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாக. அமெரிக்காவில் நான்கு ஆண்டு, 120 கிரெடிட். அதில் பெரும் பங்கு பொதுப்பாடங்கள். நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரியும், 1935 முதல் இந்தத் துறை நடக்கும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் பெயர்பெற்றவை. விசா நேர்காணல் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில். படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம். கூடுதலாக 24 மாதம் கிடைப்பது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டும். சாதாரண கிரிமினல் ஜஸ்டிஸ் அதில் இல்லை, ஃபாரன்சிக் சயன்ஸும் கம்ப்யூட்டர் ஃபாரன்சிக்ஸும் இருக்கின்றன. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அச்சாகும் சி.ஐ.பி. என்ற படிப்பு வகை எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். கவுன்சிலர் ‘மூணு வருஷம் வேலை’ என்று சொன்னால் அந்த எண்ணைக் கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டு. விசா கட்டணமே 2,000 ஆஸ்திரேலிய டாலர், நிராகரித்தால் திரும்பாது. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும். ‘உண்மையான மாணவர்’ கேள்விகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்குள் பதில்.

கனடாவில் கவனம் தேவைப்படுவது பெயரில். ஒன்டாரியோ கல்லூரிகளின் ‘போலீஸ் ஃபவுண்டேஷன்ஸ்’ இரண்டாண்டு டிப்ளமோ, பட்டம் அல்ல. பல்கலைக்கழகப் பட்டம் முடித்தவருக்குப் பிந்தைய வேலை அனுமதியில் துறைக் கட்டுப்பாடு இல்லை. கல்லூரி டிப்ளமோவுக்கு 2024 நவம்பர் முதல் துறைப் பட்டியல் வந்துவிட்டது, சுகாதாரம், கல்வி, விவசாயம், தொழில்நுட்பம், கைத்தொழில் என்று அமைந்த பட்டியல் அது. டிப்ளமோவின் பெயரை அதில் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பட்டம் என்றால் வான்கூவர் பக்கம் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் கிரிமினாலஜி துறை பழமையும் மதிப்பும் உள்ளது.

வேலைக்கு வருவோம். பிரிட்டனில் ‘படித்து முடித்தால் ரெண்டு வருஷம் தங்கலாம்’ என்று இன்னும் அச்சடிக்கிறார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம். இப்போது சேரும் பிள்ளைக்கு அதுதான் பொருந்தும். அதற்குள் விசாவுக்கு ஸ்பான்சர் தரும் வேலை கிடைக்க வேண்டும். பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாக நுழைபவருக்குச் சற்றுக் குறைவு. சிறை மறுவாழ்வு, பாதிக்கப்பட்டோர் உதவி என்று இந்தப் பட்டத்துக்கு நேராகப் பொருந்தும் தொடக்க வேலைகளில் இந்தத் தொகை அபூர்வம். வங்கி மோசடித் தடுப்பு, கறுப்புப் பணத் தடுப்பு, தரவுப் பகுப்பாய்வு பக்கம் சாய்பவர்களுக்கு வழி கொஞ்சம் அகலம். இதே வேலைகள் சென்னையிலும் பெங்களூரிலும் உண்டு. புள்ளியியல் மாட்யூலை வெறுக்காதவர்கள் பிழைப்பார்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஊருக்குத் திரும்புபவர்கள் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வாங்க வேண்டும். இதற்கான புது விதிமுறைகளை யு.ஜி.சி. 2025-ல் கொண்டுவந்தது. வேறு நிறுவனம் ஃபிராஞ்சைஸ் எடுத்து நடத்தும் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை. ஆகவே பட்டம் தருவது யார், வகுப்பு எடுப்பது யார் என்று ஆஃபர் லெட்டரில் இரண்டு பெயர் இருக்கிறதா பாருங்கள். சான்று கிடைத்தால் யு.பி.எஸ்.சி., குரூப் 1, எஸ்.ஐ. தேர்வு எழுதத் தடையில்லை. ஆனால் அந்தத் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும், கிரிமினாலஜிக்கென்று தனிச் சலுகை இல்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளை என்றால் பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் மாநில அரசு வேலைகளில் உள்ள 20 சதவீத ஒதுக்கீட்டையும் வெளிநாட்டுப் பட்டத்தால் இழக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழி என்பது விதி. அரசு ஸ்கூலில் படித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் இதை எந்த மேசையிலும் யாரும் சொல்வதில்லை, அதுதான் எரிச்சல்.

போலீஸ் வேலைதான் இலக்கு என்றால் இந்தப் பொட்டலத்தை வாங்காதீர்கள். நாகர்கோவிலிலேயே ஏதாவது ஒரு பட்டம் முடித்துத் தேர்வுக்குத் தயாராகலாம். துறையின் மேல்தான் ஆசை என்றால் நம் மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் அபிஷேகப்பட்டி வளாகத்திலேயே கிரிமினாலஜி துறை இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. இங்கே இளநிலை முடித்துவிட்டு பிரிட்டனில் ஓராண்டு முதுநிலை செய்தால் மூன்றில் ஒரு பங்குச் செலவு. 1959-ல் தொடங்கிய கேம்பிரிட்ஜின் கிரிமினாலஜி நிறுவனமும் ஆக்ஸ்போர்டின் மையமும் முதுநிலைக்கு மேல்தான் இந்தப் பட்டமே தருகின்றன. வீட்டில் கடனில்லாமல் அனுப்ப வசதி உள்ளவர்களுக்கும், முழு உதவித்தொகை கிடைத்தவர்களுக்கும் இளநிலையிலேயே போவது நல்ல அனுபவம். வீட்டை அடமானம் வைத்து அனுப்ப இது சரியான படிப்பு அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதென்றால் டெபாசிட் கட்டும் முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள். விசா மறுத்தால் ஃபீஸ் எத்தனை நாளில் திரும்பும், எவ்வளவு பிடிப்பார்கள், எந்தக் காரணத்துக்கு மறுத்தால் திரும்பவே திரும்பாது. பிரிட்டன் விசா மறுக்கப்பட்டால் ஹெல்த் சர்சார்ஜ் தானாகத் திரும்பும், விசா கட்டணம் திரும்பாது. டெபாசிட்டை ஏஜென்சி கணக்குக்கு அனுப்பாமல் நேராகப் பல்கலைக்கழகக் கணக்குக்கு அனுப்பி, ரசீதில் மாணவர் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ‘காஸ்’ (CAS) என்ற சேர்க்கை உறுதிக் கடிதம் வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.